டி டிரைவ் திறக்காத கணினி: கல்லடிக் கடை ஒன்றின் ஹார்ட் டிஸ்க் மீட்பும் பழுதுபார்க்கும் மென்பொருள்களின் உண்மையான பயனும்

மட்டக்களப்பு கல்லடியில் போட்டோக் கொப்பியும் தட்டச்சு வேலையும் செய்து கொடுக்கும் ஒரு சிறு கடை. அங்கே இருந்த ஒரே டெஸ்க்டொப் கணினியைப் பற்றியது இந்த ஆய்வு. விண்டோஸ் 10, 500 ஜிபி கொள்ளளவுள்ள மூன்றரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க், இரண்டு பிரிவுகள். சி-யில் விண்டோஸ், டி-யில் வேலைகள். டி டிரைவில் ஏறத்தாழ 180 ஜிபி இருந்தது: பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் அமைத்த கும்பாபிஷேக மலர்கள், கல்யாண அழைப்பிதழ்கள், மரண அறிவித்தல்கள், பாடசாலைகளின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், ஸ்கேன் செய்த பிறப்புச் சான்றிதழ்கள். எதற்கும் இரண்டாவது பிரதி இல்லை.

மாரி மழைக் காலத்தில் கரண்ட் அடிக்கடி போய் வந்தது. யூபிஎஸ் இருந்தது, ஆனால் அதன் பெற்றரி சில விநாடிகூடத் தாங்கவில்லை. அப்படி ஒரு நாள் கணினி அணைந்து மீண்டும் எழுந்தபோது, டி டிரைவ் சோதிக்கப்பட்டுத் திருத்தப்படுகிறது என்ற வரி திரையில் வந்து 11 வீதத்தில் நின்றுவிட்டது. மணிக்கணக்கில் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தி அணைத்தார்கள். மறுபடி போட்டால் அதே வரி, அதே இடம். எப்படியோ விண்டோஸுக்குள் போனபோது டி டிரைவைத் திறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது. உள்ளே சில கோப்புறைகள் திறக்கவேயில்லை. ஆளுக்கொரு ஆலோசனை வந்தது: செக்டிஸ்க்கை (விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனைக் கருவி) ஸ்லாஷ் ஆர் போட்டு இரவு முழுக்க ஓடவிடு, பணம் கொடுத்து வாங்கும் ‘டிஸ்க் டொக்டர்’ மென்பொருளைப் போடு, ஃபோர்மட் பண்ணிவிட்டு ரிக்கவரி போடு.

மூன்றையும் அந்த நிலையில் செய்யக்கூடாது. காரணம் விளங்க வேண்டுமானால் பழுதுபார்க்கும் மென்பொருள் எதைப் பழுதுபார்க்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, காந்தப் பூச்சுள்ள தட்டும் அதைப் படிக்கும் தலையும். மற்றது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று அதே தட்டில் எழுதிவைத்த பதிவேடு, அதாவது கோப்பு முறைமை. செக்டிஸ்க் போன்றவை இரண்டாவதைத்தான் திருத்தும். கடல் அரித்த காணிக்கு உறுதியை எவ்வளவு திருத்தி எழுதினாலும் மண் திரும்பி வராது. பதிவேடு மட்டும் குழம்பியிருந்தால் செக்டிஸ்க் சிறந்த கருவி. தட்டு பழுதாகியிருந்தால், மிச்சமிருப்பதையும் கெடுக்கக்கூடிய கருவியும் அதுவே.

முதலில் ஸ்மார்ட் அட்டவணை

ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் அட்டவணைக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். நீலம், மஞ்சள், சிவப்பு என்று அது காட்டும் நிறத்தை மட்டும் நம்பாமல் நான்கு வரிகளை நேரே பார்க்க வேண்டும். 05 என்பது டிஸ்க் கைவிட்டு மாற்றிடம் கொடுத்த செக்டர்களின், அதாவது தட்டில் தரவு எழுதப்படும் சிறு கட்டங்களின், எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள். சி6 என்பது டிஸ்க் தானாகச் சோதித்தபோது திருத்த முடியாமல் போனவை. சி7 என்பது டிஸ்க்குக்கும் மதர்போர்ட்டுக்கும் இடையே கேபிளில் நேர்ந்த பரிமாற்றப் பிழைகள்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த மென்பொருள் மூல எண்களை இயல்பாகப் பதினாறடிமானத்தில், அதாவது 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரையான எழுத்துகளும் இலக்கமாக வரும் முறையில், காட்டும். கல்லடி டிஸ்க்கில் சி5 வரியில் சி8 என்று இருந்தது. சாதாரண எண்ணில் அது 200. அமைப்புகளுக்குள் போய் மூல எண்களைப் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டுப் படிப்பது நல்லது.

05-இல் 8, சி5-இல் 200, சி7-இல் பூச்சியம். தீர்ப்பு அப்போதே கிடைத்துவிட்டது: கேபிள் சுகம், தட்டு நோய். இந்த டிஸ்க்கில் ஒரு பௌதிக செக்டர் 4096 பைட். கணினிக்கு அது 512 பைட் கொண்ட எட்டுத் துண்டுகளாகத் தெரியும். ஆகவே 200 என்பது 25 பௌதிக செக்டர்கள், வெறும் 100 கேபி. 500 ஜிபியில் 100 கேபி தூசுதான். ஆனால் அந்தத் தூசு எங்கே விழுந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏன் ஸ்லாஷ் ஆர் முதல் மருந்தல்ல

சுவிட்ச், அதாவது கட்டளையோடு சேர்க்கும் ஸ்லாஷ் எழுத்து, எதுவும் இல்லாமல் ஓடும் செக்டிஸ்க் படிக்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. ஸ்லாஷ் எஃப் பதிவேட்டைத் திருத்தும். ஸ்லாஷ் ஆர் அதையும் செய்து, பிரிவு முழுவதையும் படித்துப் பழுதான இடங்களைத் தேடும். சாதாரண டெஸ்க்டொப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் பல விநாடிகள் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். 11 வீதத்தில் நின்றதற்குக் காரணம் இதுதான். தலை பலவீனமாகிவரும் டிஸ்க்கில் அந்த முயற்சிகளே அதன் மிச்ச ஆயுளைத் தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து எழுதுவதில் இருக்கிறது. பதிவேட்டின் ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால் செக்டிஸ்க் அதைக் கெட்டது என்று தீர்மானித்து, அதனுடன் ஒட்டாத வரிகளை நீக்கும், சொந்தக்காரர் இல்லாத துண்டுகளை ‘ஃபவுண்ட் 000’ என்ற கோப்புறையில் போடும். அதன் வேலை பிரிவை முரண்பாடில்லாத நிலைக்குக் கொண்டுவருவது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அந்த வேலைக்குள் அடங்காது. செய்ததைத் திரும்பப் பெறும் வழியும் இல்லை.

ஸ்லாஷ் ஆர் மீதுள்ள நம்பிக்கைக்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1982-இல் வந்த நோர்ட்டன் யூட்டிலிட்டிஸ், 1993-இல் எம்எஸ்-டொஸ் 6.2 உடன் வந்த ஸ்கேன் டிஸ்க் ஆகியவற்றுடன் வளர்ந்த தலைமுறைக்கு, கெட்ட இடத்தைத் தேடிக் குறித்து வைப்பது மென்பொருளின் வேலை. இன்றைய டிஸ்க்குகள் அதை உள்ளுக்குள் தாங்களே செய்கின்றன. ஒதுக்கிவைத்த உதிரி செக்டர்களைக் கொடுத்து மாற்றிக்கொள்கின்றன. கெட்ட செக்டர்கள் விண்டோஸுக்குத் தெரியத் தொடங்கி, எண்ணிக்கையும் ஏறிக்கொண்டிருந்தால், டிஸ்க்கின் சொந்த ஏற்பாடு தோற்கத் தொடங்கிவிட்டது என்று எடுக்க வேண்டும்.

நகலெடுத்தல்

கணினியை அணைத்து டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் சாட்டா கேபிளால் நேரடியாகப் பூட்டப்பட்டது. மலிவான யூஎஸ்பி மாற்றி பயன்படுத்தவில்லை. கெட்ட செக்டரில் டிஸ்க் பதில் தராமல் நிற்கும்போது அந்த மாற்றிகள் பெரும்பாலும் உறைந்துபோய் இணைப்பையே துண்டித்துவிடும். கணினி பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸில் எழுப்பப்பட்டது. விண்டோஸில் எழுப்பினால் தொடக்கத்திலேயே அது டி-யைத் திருத்தப் போய்விடும். விண்டோஸிலேயே எழுப்ப வேண்டிய நிலை வந்தால், சில விநாடிகள் கீழ்நோக்கி எண்ணும் வரி வரும்போது ஏதாவது ஒரு விசையை அழுத்தி அந்தச் சோதனையை நிறுத்தலாம்.

நகலுக்குக் கருவி குனு டிடிரெஸ்கியூ. சிஸ்டம் ரெஸ்கியூ என்ற லினக்ஸ் தொகுப்பில் உள்ளேயே இருக்கிறது. உபுண்டுவில் ஜிடிடிரெஸ்கியூ என்ற பெயரில் நிறுவ வேண்டும். இதன் அருமை, நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து கெட்டதைச் சுரண்டுவது. எதைப் படித்தது, எதைப் படிக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வரைபடக் கோப்பை மூன்றாவது இடத்தில், ஒரு பென் டிரைவில் வைக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து ஓடும் அந்த லினக்ஸின் நினைவகத்தில் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும்.

ஓட்டுவதற்கு முன் எது மூலம், எது இலக்கு என்பதை மொடல் பெயரையும் தொடர் எண்ணையும் டிஸ்க்கின் மேலுள்ள ஸ்டிக்கரோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெறும் டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும். அதை எந்த மென்பொருளாலும் திருப்ப முடியாது. இங்கே இலக்கு 1 டிபி புதிய டிஸ்க். மூலத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறி காற்று வீசியது.

முதல் சுற்று சுரண்டலைத் தவிர்க்கும் ‘என்’ சுவிட்சுடன். சுகமான 500 ஜிபி டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இது இரண்டரை மணி நேரம் எடுத்து, ஏறத்தாழ 38 எம்பியை மட்டும் மிச்சம் வைத்தது. அடுத்த சுற்று நேரடி வாசிப்புக்கான ‘டி’, மூன்று மறுமுயற்சிக்கான ‘ஆர் 3’ ஆகியவற்றுடன் இரவு முழுக்க ஓடியது. விடியும்போது மிச்சம் 92 கேபி. 25 செக்டர்களில் இரண்டு கிடைத்துவிட்டன, 23 கிடைக்கவில்லை. அதன்பின் பழைய டிஸ்க் கழற்றி வைக்கப்பட்டது. மீதி வேலை முழுவதும் நகலில்தான் நடந்தது.

எந்தக் கருவி எதைக் கொடுத்தது

முதலில் எதையும் திருத்தாமல், நகலின் டி பிரிவு லினக்ஸில் படிக்க மட்டும் அனுமதியோடு திறக்கப்பட்டு, உள்ளதெல்லாம் ஒரு வெளி டிஸ்க்குக்குக் கொப்பி செய்யப்பட்டது. இந்த ஒரு படியிலேயே இரண்டு கோப்புறைகளும் எட்டுக் கோப்புகளும் தவிர எல்லாம் வந்துவிட்டன. அதாவது 180 ஜிபியில் பெரும்பகுதியை மீட்டது பழுதுபார்க்கும் மென்பொருள் அல்ல, கவனமான நகல். மீட்பு வேலை செய்பவர்கள் அடிக்கடி காணும் உண்மை இது. விளம்பரங்களில் இதைக் காண முடியாது.

இரண்டு கோப்புறைகள் ஏன் திறக்கவில்லை? விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் கோப்புறையின் பெயர்ப்பட்டியல் 4 கேபி தொகுதிகளாக எழுதப்படும். ஒரு கெட்ட செக்டர் ஒரு தொகுதியை முழுதாக விழுங்கிவிடும். அப்படி இரண்டு செக்டர்கள், இரண்டு கோப்புறைகள். ஒன்றில் பல பாடசாலைகளின் வினாத்தாள்கள் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் முதன்மைப் பதிவேட்டில் தனிப் பதிவு உண்டு. அதில் கோப்பின் பெயரும் அது எந்தக் கோப்புறைக்குச் சொந்தம் என்பதும் எழுதியிருக்கும். செக்டிஸ்க் அந்தப் பதிவுகளிலிருந்து பட்டியலை மறுபடி கட்டும். இது அதன் உண்மையான திறமை, வேறெதுவும் இதை இவ்வளவு சுலபமாகச் செய்யாது. நகலில் ஸ்லாஷ் எஃப் ஓடிச் சில நிமிடங்களில் இரண்டு கோப்புறைகளும் பெயர்களோடு திரும்பி வந்தன.

எட்டுக் கோப்புகளின் கதை வேறு. முதன்மைப் பதிவேட்டில் ஒரு பதிவின் அளவு 1 கேபி. ஆகவே 4 கேபி செக்டர் ஒன்று போனால் நான்கு கோப்புகளின் பதிவு போகும், இரண்டு போனால் எட்டு. இங்கே ஒரு முன்னெச்சரிக்கை பெரிதாக உதவியது. ஸ்லாஷ் எஃப் போடும் முன், சுவிட்ச் இல்லாமல் செக்டிஸ்க் ஓட்டி, அதன் வெளியீடு ஒரு டெக்ஸ்ட் கோப்பில் சேமிக்கப்பட்டது. கோப்புறைப் பட்டியலில் பெயர் இருந்தும் பதிவேட்டில் பதிவில்லாத கோப்புகளின் பெயர்கள் அந்த அறிக்கையில் வரும். ஸ்லாஷ் எஃப் அந்தப் பெயர்களை நீக்கிவிடும். அறிக்கை கையில் இருந்ததால் எந்த எட்டு என்பது தெரிந்தது.

அவற்றின் உள்ளடக்கம் தட்டில் அப்படியே கிடக்கும், வழிகாட்டும் பதிவுதான் இல்லை. ஸ்லாஷ் எஃப் முடிந்ததும் அந்த இடம் காலி இடமாகக் கணக்கிடப்படும். அப்போது போட்டோரெக் மென்பொருளில் காலி இடத்தை மட்டும் தேடும் தெரிவைக் கொடுத்தால் குப்பை குறைவாக வரும். மீட்பதை நகலிலேயே எழுதாமல் வெளி டிஸ்க்குக்கு எழுதவிட வேண்டும். போட்டோரெக் கோப்பின் தொடக்க அடையாளத்தைப் பார்த்து வெட்டியெடுப்பதால் பெயர் இருக்காது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும்தான். பழைய அழிந்த கோப்புகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வந்தன. அறிக்கையிலிருந்த பெயர்களை வைத்துத் தேடியதில் எட்டில் ஐந்து கிடைத்தன. மற்ற மூன்றும் தட்டில் துண்டு துண்டாகச் சிதறியிருந்தவை. அப்படிப்பட்டவற்றை இந்த முறை ஒட்டித் தராது.

மீதி 19 செக்டர்களில் 6 மூன்று பெரிய ஸ்கேன் பிடிஎஃப்களுக்குள் விழுந்திருந்தன, 13 காலி இடத்தில். இதைக் கண்டுபிடிக்கவும் டிடிரெஸ்கியூவில் வழி உண்டு: நகலில் படிக்க முடியாத இடங்களை மட்டும் ஓர் அடையாளச் சொல்லால் நிரப்பிவிட்டு, எந்தக் கோப்புகளுக்குள் அந்தச் சொல் இருக்கிறது என்று தேடுவது. வாடிக்கையாளருக்கு ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று சொல்லாமல், ‘இந்த மூன்று ஸ்கேன்களையும் மறுபடி எடுக்க வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கொடுக்க முடிந்தது. இந்தப் படியைப் பலரும் செய்வதில்லை. செய்ய வேண்டும்: திறந்து பார்க்காத கோப்பு சுகமாக இருக்கிறது என்று நினைத்துப் பழைய பிரதியை அழித்துவிடுவார்கள்.

நகலில் ஸ்லாஷ் ஆர் தேவைப்படவில்லை, புதிய டிஸ்க்கில் கெட்ட செக்டர் இல்லை. ஆனால் பழைய டிஸ்க்கில் யாராவது ஏற்கனவே ஸ்லாஷ் ஆர் ஓட்டி முடித்திருந்தால், ‘இந்த இடங்கள் கெட்டவை’ என்ற குறிப்பும் நகலோடு சேர்ந்து வந்திருக்கும். அதை நீக்க ஸ்லாஷ் பி என்ற சுவிட்ச் இருக்கிறது.

அதே அறிகுறி, வேறு நோய்

கல்முனை, காத்தான்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் கணினிப் பெட்டிக்குள் புகுந்து சாட்டா கேபிளின் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். அப்போதும் டி டிரைவ் மெதுவாகும், தொடக்கத்தில் அதே திருத்தும் வரி வரும். ஸ்மார்ட் அட்டவணையில் 05, சி5, சி6 மூன்றும் பூச்சியமாக இருந்து சி7 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் கேபிளை மாற்றுங்கள். சி7 எண் ஒருபோதும் இறங்காது. மாற்றிய பிறகு அது ஏறாமல் நின்றதா என்றுதான் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ஸ்லாஷ் எஃப், வேலை முடிந்தது. நான்கு எண்களும் சுத்தமாக இருந்து, கரண்ட் போனதில் பதிவேடு மட்டும் குழம்பியிருந்தாலும் அப்படியே. அப்படிப்பட்ட இடத்தில் செக்டிஸ்க்குக்குப் பயப்படத் தேவையில்லை. என்டிஎஃப்எஸ் தன் பதிவேட்டு மாற்றங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பதால் அநேகமாகத் தானாகவே சரியாகிவிடும். பென் டிரைவ்களில் காணும் எக்ஸ்ஃபேட் கோப்பு முறைமையில் அந்தக் குறிப்பேடு இல்லை. எனவே பென் டிரைவ்களுக்குச் செக்டிஸ்க் இன்னும் அதிகம் தேவைப்படும்.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்கள்

கெட்ட செக்டரை ‘உயிர்ப்பிக்கும்’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்கின்றன: அந்த இடத்தில் மறுபடி எழுதுகின்றன. எழுதியதும் டிஸ்க் அந்த செக்டரைச் சுகமென்று ஏற்றுக்கொள்ளும், அல்லது உதிரியால் மாற்றும். சி5 பூச்சியமாகிவிடும், பார்ப்பவருக்குக் குணமானது போல் தெரியும். படிக்க முடியாமல் போன அந்த செக்டரின் உள்ளடக்கம் மட்டும் போயிருக்கும். நகல் எடுத்த பிறகு இதைச் செய்வதில் தவறில்லை, முன் செய்வதுதான் தவறு.

அவற்றின் கிராக் பிரதிகளை இன்டர்நெட்டில் தேடி இறக்குவது இன்னும் மோசம். ஸ்டொப் டிஜேவூ என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பெரிதும் பரவியது கிராக் செய்த மென்பொருள்கள் வழியாகத்தான். இங்கே சொன்ன கருவிகள் எல்லாவற்றையும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

டிஸ்க் டக் டக் என்று அடித்தாலோ, விண்டோஸுக்கு முன்பே எழும் பயோஸில் தெரியாமல் போனாலோ எந்த மென்பொருளும் வேண்டாம். கரண்டைத் துண்டித்துவிட்டு, தூசில்லாத அறையில் டிஸ்க்கைத் திறக்கும் வசதியுள்ள மீட்பு நிலையத்திடம் கொடுக்க வேண்டும். சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டியிலும் செக்டர் தேடுவதற்கு அர்த்தமில்லை. அழித்த கோப்பின் இடத்தை ட்ரிம் கட்டளை அதிக நேரம் விட்டுவைக்காது. புதிய லெப்டொப்களில், டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் நகல் எடுத்தும் பயனில்லை.

கடைக்குத் திருப்பிக் கொடுத்தபோது

யூபிஎஸ்ஸின் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பெற்றரி மாற்றப்பட்டது. அது பொதுவாக இரண்டு மூன்று வருடம்தான் தாங்கும், ஆகவே மாற்றிய திகதி பெட்டியின் மேல் எழுதி ஒட்டப்பட்டது. டி டிரைவ் ஒவ்வொரு வெள்ளி மாலையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பியாகும். கொப்பி முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றாமல் கடையில் விட்டால் மின்னலோ வெள்ளமோ இரண்டையும் சேர்த்தே எடுக்கும். அதே மாலையில் 05, சி5 எண்களை ஒரு குறிப்புப் புத்தகத்தில் குறித்து வைக்கச் சொல்லப்பட்டது. சி5 பூச்சியத்திலிருந்து ஏறினால் அன்றே அழைக்க வேண்டும்.

பழைய டிஸ்க்கில் முழுக்கப் பூச்சியம் எழுதிப் பார்த்தபோது சி5 பூச்சியமானது, 05 ஏறியது. ‘இப்போது நல்லாத்தானே இருக்கு, சிசிடிவிக்குப் போடலாமா’ என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்பதே பதில். சனங்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த டிஸ்க் அது. மாற்றிடம் கொடுக்கப்பட்ட பழைய செக்டர்களில் கிடப்பதைப் பூச்சியம் எழுதுவதும் தொடாது. மூடியைத் திறந்து தட்டுகளில் துளையிட்ட பிறகே அது கழிவுக்குப் போனது.